கிளிக்குஞ்சு வாங்குமுன்: கையில் ஊட்டியதா, தாய் ஊட்டியதா?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டங்களை ஒட்டிய தாமான்களில் (குடியிருப்புகளில்) கிளி வாங்க நினைப்பவர்கள் முதலில் விலையைக் கேட்பார்கள், அடுத்து, "கையில் ஊட்டி வளர்த்த குஞ்சுதானே?" என்பார்கள். இவ்விரண்டுக்கும் முன்பு முடிவு செய்ய வேண்டியது, பகலில் அப்பறவையோடு வீட்டில் யார் இருக்கப் போகிறார் என்பதே.

கையில் ஊட்டி வளர்க்கும் குஞ்சை இரண்டு, மூன்று வார வயதில் கூட்டிலிருந்து எடுத்து, மாவுத் தீனியைக் கரைத்துச் சிரிஞ்சாலோ கரண்டியாலோ ஊட்டுவார்கள். அது மனிதக் கைக்கு அஞ்சாது. வந்த அன்றே தோளில் ஏறிவிடும். ஆனால் அதே பழக்கத்தால் ஆள் துணையை எந்நேரமும் எதிர்பார்க்கும். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போய் மாலையில் திரும்பும் வீட்டில் அது கத்தியே ஓயும். சில கிளிகள் தம் இறகைத் தாமே பிடுங்கிக்கொள்ளும். உடன்பிறந்த குஞ்சுகளைக்கூடப் பார்க்காமல் தனியே வளர்ந்தது, பருவம் வந்ததும் வீட்டில் ஒருவரைத் தன் இணையாகக் கொண்டு மற்றவர்களைக் கடிக்கத் தொடங்குவதும் உண்டு.

தாய், தந்தைப் பறவைகள் ஊட்டி வளர்த்த குஞ்சோ, தின்னவும் இறகைக் கோதவும் பிற கிளிகளோடு பழகவும் கூட்டிலேயே கற்றுக்கொள்கிறது. கைக்கு வர வாரங்கள், சில வேளை மாதங்கள் ஆகும்.

என்னைக் கேட்டால், தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் வேலை பார்க்கும் குடும்பங்களுக்கு இரண்டுக்கும் நடுவிலான வழியே ஏற்றது. பெற்றோரே ஊட்ட, வளர்ப்பவர் நாள்தோறும் குஞ்சைச் சில நிமிடங்கள் கையில் எடுத்துப் பழக்கி மீண்டும் கூட்டில் விட்டிருக்க வேண்டும். அத்தகைய குஞ்சைத் தேடிப் பிடிக்கப் பொறுமை வேண்டும்.

எந்த வகையானாலும், தானாகத் தின்னாத குஞ்சை வாங்காதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு ஆறு வாரக் காக்கட்டீல் (கொண்டையுள்ள சிறு கிளி) குஞ்சொன்றை விற்றவர், "நீங்களே ஊட்டினால் பாசம் அதிகம்" என்று சொல்லி, மாவுப் பொட்டலத்தையும் சிரிஞ்சையும் கூடவே கொடுத்தார். ஊட்டும் கரைசல் சுமார் 40 பாகை செல்சியஸ் சூட்டில் இருக்க வேண்டும் என்பதும், மிகச் சூடானால் கழுத்தடியில் தீனி தங்கும் தீனிப்பை வெந்துவிடும், ஆறிப்போனால் செரிக்காது என்பதும் எனக்கு அப்போது தெரியாது. மூன்றாம் நாள் காலையில் ஊட்டியது மாலைவரை கழுத்தடியில் நீர்ப்பை போலத் தொங்கியது. வாயில் புளித்த வாடை. மறுநாள் குஞ்சு இறந்துவிட்டது. காக்கட்டீல் தானே தின்னப் பழக எட்டு முதல் பத்து வாரம் ஆகும். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்கு மூன்று, நான்கு மாதங்கள்கூட ஆகலாம்.

ஆகவே வாங்குமிடத்திற்கு இருமுறை செல்லுங்கள். குஞ்சு தானியத்தை உமி நீக்கித் தின்பதைக் கண்ணால் பாருங்கள். உமியைக் கொறித்துப் போடுவது மட்டும் போதாது. நெஞ்செலும்பு கத்தி முனைபோல் துருத்தக் கூடாது. மூக்குத் துளையும் வாலடியும் சுத்தமாக இருக்க வேண்டும்.

தாய் வளர்த்த குஞ்சாயின், முதல் வாரம் கூண்டுக்குள் கையை விடாமல் அருகில் அமர்ந்து பேசுங்கள். பிறகு தினைக்கதிரைக் கம்பிவழியே நீட்டுங்கள். கூண்டின் ஒரு பக்கம் சுவரை ஒட்டியிருக்கட்டும். சாமி அறைக்கு அருகே வேண்டாம்: சாம்பிராணிப் புகையும் கொசுவத்திப் புகையும் பறவையின் நுரையீரலுக்கு ஆகாது.

பட்ட மரப்பொந்துகளில் கூடு கட்டும் நீண்டவால் கிளியின் குஞ்சை எடுத்து வளர்ப்பது தோட்டங்களில் ஒரு காலத்தில் சாதாரணம். இன்று தீபகற்ப மலேசியாவில் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட பறவையை உரிமமின்றி வைத்திருப்பது குற்றம். கடையில் வாங்கும் இனத்திற்கும் உரிமம் வேண்டுமா என்பதை, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பெர்ஹிலித்தான் (வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறை) அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.