காவிரிப் படுகை நெல்வயலில் பறவைகளைப் பருவந்தோறும் கணக்கெடுக்கும் முறை

நெல்வயலில் பறவைகளைக் கணக்கெடுக்கத் தொடங்குபவர், பறவையின் பெயரை எழுதுவதற்கு முன்பு வயலின் நிலையை எழுதப் பழக வேண்டும். சேறாகக் கிடக்கும் வயலும், பயிர் பக்கக் கிளைகள் விட்டுத் தூர் கட்டிய வயலும், கதிர் முற்றிய வயலும் பறவைகளுக்கு வெவ்வேறு நிலங்களே என்பதால், பயிரின் பருவம் குறிக்கப்படாத பட்டியலைப் பின்னாளில் எடுத்துப் பார்த்தால் அதிலிருந்து எதுவும் விளங்காது.

முதலில், ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத ஒரு வரப்புப் பாதையைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதில் வாய்க்காலும் சில பனைமரங்களும் இருந்தால் நல்லது. நிலத்துக்காரரிடம் சொல்லிவிட்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை, காலை ஆறு மணி முதல் எட்டு மணிக்குள் அதே பாதையில் அதே வேகத்தில் நடக்க வேண்டும். நாற்றை மிதிக்கவோ, பூச்சிமருந்து தெளித்த அன்று வயலுக்குள் இறங்கவோ கூடாது. ஆனால் மருந்து தெளித்த தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். படுகையில் அடுத்தடுத்த வயல்கள் ஒரே நாளில் நடப்படுவதில்லை. ஆகவே ஒவ்வொரு வயலுக்கும் ஓர் எண் கொடுத்து, பருவத்தையும், தண்ணீர் பாதமளவா கணுக்காலளவா என்பதையும் தனித்தனியாக எழுத வேண்டும்.

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்படுவதையொட்டிக் குறுவை எனப்படும் குறுகிய கால முதல் போக நெல்லுக்கான உழவு தொடங்குகிறது. டிராக்டரின் பின்னால் உண்ணிக்கொக்குகள் வரிசை கட்டுவது, புரளும் சேற்றிலிருந்து வெளிப்படும் பூச்சிகளுக்காகவும் தவளைகளுக்காகவும்தான். மடையான் என்னும் குளத்துக்கொக்கோ வரப்போரத்தில் அசையாமல் நிற்பதால் எளிதில் கணக்கில் விடுபட்டுவிடும். நத்தைகுத்தி நாரை நிற்கும் வயலில் நத்தை இருக்கிறதென்று கொள்ளலாம்.

ஆண்டில் தவறவிடவே கூடாத வாரங்கள், குறுவை அறுவடை முடிந்து, அதே வயலில் அடுத்து நடும் இரண்டாம் போகமான தாளடிக்குச் சேறடிக்கும் செப்டம்பர் இறுதியும் அக்டோபரும் ஆகும். வடக்கிலிருந்து வலசை வரும் சேற்றுநிலப் பறவைகளான பொரி உள்ளானும் கோரை உள்ளானும், பயிரில்லாமல் தண்ணீர் மெல்லியதாகப் பரந்திருக்கும் இந்த வயல்களில்தான் இறங்குகின்றன. நெடுங்கால் உள்ளானையும் அங்கே எதிர்பார்க்கலாம். பயிர் உயர்ந்து சேறு மறைந்ததும் அவை இடம் மாறுவதைக் கண்டு, எண்ணிக்கை குறைந்துவிட்டதாக முடிவு கட்டிவிடாதீர்கள்.

தூர் கட்டிய பிறகு கண்ணைவிடக் காதுக்கே வேலை அதிகம். கானாங்கோழியும் கதிர்க்குருவியும் பயிருக்குள் மறைந்திருப்பதால், ஓரிடத்தில் பத்து நிமிடம் நின்று கேட்க வேண்டும். குரல் மட்டும் கேட்டவற்றுக்குத் தனிக் குறியீடு இடுங்கள். பயிருக்கு மேலே பறந்து பூச்சி பிடிக்கும் தகைவிலான்களையும், குச்சியிலோ கம்பியிலோ அமர்ந்திருக்கும் கரிச்சான்களையும் எண்ணுவது எளிது. தூக்கணாங்குருவி நெல்லின் இலையைக் கிழித்துக் கூடு பின்னும். குஞ்சுகளுக்குப் பூச்சி ஊட்டும். கதிரில் பால் பிடித்ததும் சில்லைகள் என்னும் சிறு பறவைகளோடு சேர்ந்து மணியைத் தின்னும். உழவர்களிடம் பேசும்போது இதில் பாதியை மட்டும் சொல்வது நேர்மையாகாது.

நீண்ட காலப் பயிரான சம்பா நெல்லின் அறுவடைக்குச் சுமார் பத்து நாள் முன்பே ஈரத்தில் உளுந்தோ பயறோ தெளிக்கும் வயல்களில், அறுவடைக்குப் பின் காட்சி முற்றிலும் மாறுகிறது. நெட்டைக்காலி, வானம்பாடி, பனங்காடை ஆகியவற்றோடு, எலிக்காக அந்தரத்தில் சிறகடித்து நிற்கும் கருந்தோள் பருந்தையும் காணலாம்.

கூட்டமாகப் பறப்பவற்றைப் பத்துப் பத்தாக மதிப்பிடுங்கள். முன்னே எழுந்து பறந்து பின்வயலில் இறங்கியவற்றை இரண்டாம் முறை சேர்க்காதிருக்க, பறந்த திசையை அம்புக்குறியால் காட்டுங்கள். ஒரு பறவையும் இல்லாத வயலுக்கும் சுழியம் என்று எழுத வேண்டும். ஜனவரியில் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பின்போது, இதே பட்டியலை பறவைப் பதிவுகளுக்கான இபேர்டு (eBird) இணையதளத்தில் பதிவேற்றி, குறிப்புப் பகுதியில் பயிர்ப் பருவத்தையும் தண்ணீர் அளவையும் சேர்த்துவிடுங்கள்.