வீடு மாறும்போது டிவி ரெக்கார்டிங் காணாமல் போவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

அப்பா ஒரே ஒருமுறை டிவியில் வந்திருக்கிறார். ஒரு விவாத நிகழ்ச்சியில் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தவர், மைக்கை வாங்கி 40 வினாடி பேசினார். பேசி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்துக்கொண்டார். அந்த நிகழ்ச்சியைச் செட்டாப் பாக்ஸில் ரெக்கார்ட் செய்து, தானாக அழியாதபடி பூட்டியும் வைத்திருந்தேன். இரண்டு வருடம் கழித்து வீடு மாறினோம். பழைய இணைப்பைத் துண்டித்துவிட்டு பாக்ஸைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். ஒயரைச் சுருட்டி, ரிமோட்டையும் சேர்த்துக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு வந்தேன். அப்பாவும் அந்தப் பாக்ஸோடு போய்விட்டார் என்பது, புது வீட்டில் டிவியைப் போட்டு ரெக்கார்டிங் பட்டியலைத் தேடியபோதுதான் உறைத்தது.

மறுநாளே போன் செய்தேன். திரும்பி வரும் பாக்ஸில் இருப்பதையெல்லாம் அழித்துவிடுவது வழக்கம் என்றார்கள். சரி, அது அவர்கள் நடைமுறை. சேவை எடுத்த அன்றே நான் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்: என் ரெக்கார்டிங் எங்கே இருக்கிறது, எதோடு கட்டிப் போடப்பட்டிருக்கிறது? இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் தவறுகளில் பாதி, இந்தக் கேள்வியைக் கேட்காததால் வருபவைதான்.

மணி நேரக் கணக்கை மட்டும் பார்த்துச் சேவை எடுப்பது

எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை மணி நேரம் பதிவாகும்?" என்றுதான். அந்த எண் படத்தின் தரத்தைப் பொறுத்து ஏறும், இறங்கும். 1999-இல் டிவோ, ரீப்ளே டிவி என்று ஹார்ட் டிஸ்க்கில் பதிவு செய்யும் வீட்டுக் கருவிகள் முதன்முதலாக வந்தன. டிவோவின் ஆரம்ப மாடல் ஒன்று 14 மணி நேரம் பதிவு செய்யும் என்று விற்கப்பட்டது. அது மிகக் குறைந்த தரத்தில் பதிவு செய்தால் கிடைக்கும் நேரம். இன்றைக்கும் கணக்கு இப்படித்தான். ஹெச்டி ஒளிபரப்பு வினாடிக்கு 8 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிபி ஆகும். 500 ஜிபி டிஸ்க்கில் 140 மணி நேரம்கூட வராது. அதே டிஸ்க்கில் 20 மெகாபிட்டில் வரும் 4கே நிகழ்ச்சி என்றால் 55 மணி நேரம்தான். ஆகவே மணிக் கணக்கு சொல்பவரிடம் "எந்தத் தரத்தில்?" என்று திருப்பிக் கேளுங்கள்.

இந்த எண்ணைவிட முக்கியமானது, பதிவு எதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது. 1975-இல் பீட்டாமேக்ஸ், 1976-இல் விஹெச்எஸ் என்று வீடியோ டேப்கள் வந்தபோது இந்தப் பிரச்சினையே இல்லை. டேப்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு எந்த வீட்டுக்கும் போகலாம், அதே வகை டேப் ஓடும் எந்த விசிஆரிலும் போட்டுப் பார்க்கலாம். டிஸ்க் பாக்ஸுக்குள் போன பிறகு அந்தச் சுதந்திரம் குறைந்துவிட்டது.

இப்போது பொதுவாக மூன்று வகை உண்டு. முதலாவது, சேவை நிறுவனம் வாடகைக்குத் தரும் பாக்ஸ். டிஸ்க் உங்கள் வீட்டில் இருக்கும், ஆனால் பாக்ஸ் அவர்களுடையது. இணைப்பு முடிந்தால் பாக்ஸும் போகும், பதிவும் போகும். "நான்தான் தனியாக யூஎஸ்பி டிஸ்க்கில் பதிவு செய்கிறேனே" என்று நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. அந்த நிம்மதிதான் ஆபத்து. இப்படிப்பட்ட பாக்ஸ்கள் பெரும்பாலும் டிஸ்க்கில் எழுதுவதைப் பூட்டி, அந்த ஒரு பாக்ஸில் மட்டும் திறக்கும்படி எழுதுகின்றன. டிஸ்க்கைக் கழற்றி வேறொரு பாக்ஸில் செருகினால், "இதை ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்கும். அதற்குச் சரி என்று அழுத்தினால் அவ்வளவுதான்.

இரண்டாவது, நீங்களே விலை கொடுத்து வாங்கும் ரெக்கார்டர். இதை வீட்டோடு தூக்கிக்கொண்டு போகலாம் என்பது பெரிய நிம்மதி. ஆனால் இதற்கும் நிகழ்ச்சி அட்டவணை எங்கிருந்தோ வந்தாக வேண்டும். எத்தனை மணிக்கு எந்தச் சேனலில் என்ன வருகிறது என்ற விவரம் நின்றுவிட்டால், தானாகப் பதிவு செய்யும் வசதியும் நின்றுவிடும். இந்த அட்டவணைச் சேவைக்காக டிவோ விற்ற "ஆயுள் சந்தா" என்பது அந்தக் கருவியின் ஆயுளுக்குத்தான், வாங்கியவரின் ஆயுளுக்கு இல்லை. கருவி போனால் சந்தாவும் போகும். கம்ப்யூட்டரில் விண்டோஸ் மீடியா சென்டர் வைத்து வருடக்கணக்காகப் பதிவு செய்துவந்தவர்கள், 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது அது நீக்கப்பட்டிருப்பதைப் பார்த்தார்கள். ஆகவே கருவி எவ்வளவு நல்லது என்று விசாரிக்கும்போதே, அட்டவணையை யார் தருகிறார்கள், அது நின்றால் கையால் நேரம் குறித்துப் பதிவு செய்ய முடியுமா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கிளவுட் பதிவு. டிஸ்க் உங்கள் வீட்டில் இல்லை, நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. வீடு மாறுகிறவர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. சாமான்கள் வண்டியில் போய்க்கொண்டிருக்கும்போதும், புது வீட்டில் இன்டர்நெட் வராத முதல் வாரத்திலும், பதிவு தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். ஆனால் இதற்கும் கட்டுப்பாடு உண்டு. உதாரணமாக, அமெரிக்காவில் சந்தா கட்டி டிவி சேனல்களைப் பார்க்கும் யூடியூப் டிவி என்ற சேவையில் இடத்துக்கு அளவே இல்லை, ஆனால் ஒவ்வொரு பதிவும் 9 மாதம்தான் இருக்கும். அப்புறம், இத்தகைய சேவைகளில் எந்த உள்ளூர்ச் சேனல் வரும் என்பதை உங்கள் வீடு இருக்கும் இடம் தீர்மானிக்கிறது. வேறு பகுதிக்குப் போய் முகவரியை மாற்றினால் சேனல் பட்டியலும் மாறும். சந்தா நிறுத்தினால் பதிவுகள் எத்தனை நாள் இருக்கும் என்பதையும் முன்கூட்டியே படித்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வீடு மாறும் குடும்பத்துக்கு வாடகை பாக்ஸ் ஒத்துவராது. அன்றாட நிகழ்ச்சிகளுக்குக் கிளவுட் போதும். காலத்துக்கும் வைத்துக்கொள்ள வேண்டியவை இருந்தால், பூட்டாமல் பதிவு செய்யும் சொந்தக் கருவி வேண்டும்.

ட்யூனரை எண்ணாமல் விடுவது

பாக்ஸுக்குள் சேனலைப் பிடிக்கும் பகுதிதான் ட்யூனர். ஒரு ட்யூனர் ஒரு நேரத்தில் பொதுவாக ஒரு சேனலைத்தான் பிடிக்கும். இரண்டைப் பதிவு செய்துகொண்டே மூன்றாவதைப் பார்க்க வேண்டுமென்றால் மூன்று ட்யூனர் வேண்டும். இரவு 8 மணிக்கு உங்கள் வீட்டில் யார் யார் என்ன பார்க்கிறார்கள் என்று ஒரு வாரம் கவனித்தாலே எத்தனை தேவை என்பது தெரிந்துவிடும்.

புது வீட்டுச் சுவரைப் பார்க்காமல் ஆர்டர் கொடுப்பது

வாடகை பேசப் போகும்போது தண்ணீர் வருகிறதா, வெளிச்சம் வருகிறதா என்று பார்க்கிறோம். டிவி கேபிள் எந்தச் சுவரில் முடிகிறது என்று பார்ப்பதில்லை.

டிஷ் வைத்திருப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். ஒளிபரப்புச் செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கின்றன. பூமியிலிருந்து பார்த்தால் வானத்தில் ஒரே புள்ளியில் அசையாமல் இருப்பதால், டிஷ்ஷும் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் பக்கத்துக் கட்டடமோ பெரிய மரமோ வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. புது வீட்டில் உங்கள் பால்கனி எதிர்த்திசையில் இருந்தால் மொட்டை மாடியில் அனுமதி கேட்க வேண்டிவரும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. சாதாரண டிஷ் அமைப்பில் ஒவ்வொரு ட்யூனருக்கும் டிஷ்ஷிலிருந்து தனிக் கேபிள் வர வேண்டும். ஏனென்றால் பாக்ஸ் தன் கேபிள் வழியாக 13 அல்லது 18 வோல்ட் அனுப்பித்தான் எந்த வகை அலை வேண்டும் என்று டிஷ்ஷின் முனையில் சிக்னலை வாங்கும் எல்என்பி என்ற பாகத்துக்குச் சொல்கிறது. ஒரே கேபிளில் இரண்டு ட்யூனர்கள் இரண்டு விதமாகச் சொன்னால் குழப்பம்தான். பழைய வீட்டில் இரண்டு கேபிள் வந்து, புது வீட்டில் ஒன்று மட்டும் வந்தால், ஒன்றைப் பதிவு செய்துகொண்டே இன்னொன்றைப் பார்ப்பது தடைப்படும். ஒரே கேபிளில் பல ட்யூனரை ஓட்டும் எல்என்பிக்களும் உண்டு. உங்கள் பாக்ஸ் அதற்கு ஒத்துவருமா என்று ஆளை வரவழைப்பதற்கு முன்பே கேளுங்கள்.

கேபிள் டிவியிலும் ஆன்டெனாவிலும் ஸ்பிளிட்டர் போட்டுப் பிரிக்கலாம். ஆனால் இரண்டாகப் பிரித்தாலே ஒவ்வொரு பக்கத்துக்கும் சிக்னல் பாதிக்கும் குறைவாகத்தான் போகும். முன்பு குடியிருந்தவர் அறைக்கு ஒன்றாக ஸ்பிளிட்டர் மாட்டிவிட்டுப் போயிருந்தால், படம் கட்டம் கட்டமாக உடையும். பழி பாக்ஸ் மேல் விழும். தேவையில்லாத ஸ்பிளிட்டரைக் கழற்றிப் பாருங்கள்.

இணைப்பைத் துண்டிக்கும் தேதியைத் தப்பாகக் குறிப்பது

வீடு காலி செய்யும் தேதியையே பழைய இணைப்பு முடியும் தேதியாகவும் கொடுத்துவிடுவது பலரும் செய்யும் தவறு. சாமான் கட்டும் நாட்களில் பதிவுகளைப் பார்க்கவோ எடுக்கவோ நேரமே இருக்காது. சில பாக்ஸ்களில் சந்தா நின்றால், டிஸ்க்கில் ஏற்கெனவே இருப்பதைக்கூடத் திறக்க முடியாது. ஒரு வாரமாவது இரண்டு இணைப்பும் சேர்ந்து ஓடட்டும். அந்த ஒரு வாரச் செலவைப் பார்த்துத் தயங்க வேண்டாம்.

"இடமாற்றம்" என்று விண்ணப்பித்தால் புது ஒப்பந்தம் ஆரம்பிக்குமா, பழையதே தொடருமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதே பாக்ஸ் கூட வருமா, வேறு பாக்ஸ் தருவார்களா என்பதையும் கேளுங்கள். வேறு பாக்ஸ் என்றால் பழைய பதிவு வராது. திருப்பிக் கொடுக்கும்போது பாக்ஸின் சீரியல் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு, அந்த எண் ரசீதிலும் இருக்கிறதா என்று அங்கேயே சரிபாருங்கள்.

வேண்டியதை எடுக்காமல் பாக்ஸைக் கட்டுவது

மாறுவதற்கு மூன்று வாரம் முன்பே, ஒரு மாலை குடும்பத்தோடு உட்கார்ந்து பதிவுப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை பாருங்கள். பெரும்பாலானவற்றை யாரும் இனி பார்க்கப்போவதில்லை. அவற்றை விடுங்கள். உங்கள் வீட்டு ஆட்கள் வரும் பதிவு ஏதாவது இருந்தால் அதுதான் முதலில் காப்பாற்ற வேண்டியது. கருவி அனுமதித்தால் கம்ப்யூட்டருக்குக் காப்பி எடுங்கள். ஹெச்டிஎம்ஐ வழியாக எடுக்கப் பார்த்தால், காப்பித் தடை காரணமாகத் திரை கறுப்பாக வரலாம். அப்போது அறையை இருட்டாக்கி, செல்போனை ஸ்டாண்டில் நிறுத்தித் திரையையே வீடியோ எடுங்கள். தரம் சுமாராகத்தான் இருக்கும். ஆனால் அப்பாவின் குரல் இருக்கும், அவர் கண்ணாடியைத் துடைப்பது தெரியும். ஐந்து நிமிட வேலை. நான் அதைச் செய்யவில்லை.

ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கைத் தூக்குவது

ரிமோட்டில் அணைத்தாலும் பல பாக்ஸ்களில் டிஸ்க் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். யாரும் பார்க்காதபோதும் நேரலையைக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதிக்கொண்டே இருக்கும். அதே நிலையில் பிளக்கைப் பிடுங்கித் தூக்கினால், சுற்றும் தட்டில் முனை உரசிப் பதிவுகள் கெட்டுப்போகலாம். முதலில் வரிசையில் இருக்கும் பதிவுகளை நிறுத்துங்கள். பாக்ஸை அணைத்து, பிளக்கை எடுத்து, ஒரு நிமிடம் தொடாமல் விடுங்கள். அப்புறம் தூக்குங்கள். சொந்த ரெக்கார்டரைச் சாமான் வண்டியில் போடாமல், துணியில் சுற்றி மடியில் வைத்துக் கொண்டுபோவது நல்லது. குளிர்ந்த வண்டியிலிருந்து சூடான அறைக்குள் வந்தால் உள்ளே ஈரம் படியும். சில மணி நேரம் கழித்தே ஆன் செய்யுங்கள்.

கழற்றும் முன் பின்பக்கத்தைப் படம் எடுங்கள். ஒவ்வொரு ஒயரிலும் காகித டேப் ஒட்டிப் பெயர் எழுதுங்கள். அடாப்டரை அதன் பாக்ஸோடு சேர்த்தே கட்டுங்கள். ஒரே மாதிரி முனையுள்ள வேறு அடாப்டரைச் செருகினால், வோல்டேஜ் வேறாக இருந்து பாக்ஸ் எரிந்துபோகலாம். டிவியைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தியே கொண்டுபோக வேண்டும்.

பழைய வீட்டு அமைப்பிலேயே ஓடவிடுவது

புது வீட்டில் படம் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். "இந்தத் தொடரை வாராவாரம் பதிவு செய்" என்று கொடுத்த கட்டளை, பெரும்பாலும் ஒரு சேனலோடு கட்டப்பட்டிருக்கும். புது இடத்தில் அந்தச் சேனலின் எண் மாறினாலோ, சேனலே இல்லாமல் போனாலோ, பாக்ஸ் எந்த எச்சரிக்கையும் தராமல் பதிவு செய்யாமல் விட்டுவிடலாம். இடத்தை மாற்றிக் கொடுத்து, சேனல்களை மறுபடி தேடவிட்டு, தொடர்க் கட்டளைகளை ஒவ்வொன்றாக அழித்துப் புதிதாகப் போடுங்கள்.

பாக்ஸை மூடிய அலமாரிக்குள் திணிக்காதீர்கள். இரவும் பகலும் சுற்றும் டிஸ்க்குக்குச் சூடு ஆகாது. மேலேயும் பக்கத்திலும் காற்றோட்டம் இருக்க வேண்டும். எல்லா அமைப்பும் முடிந்ததும், சோதனைக்காக இரண்டு சேனல்களை ஒரே நேரத்தில் 10 நிமிடம் பதிவு செய்யுங்கள். இரண்டையும் போட்டுக் கடைசிவரை பாருங்கள். நடுவில் படம் உடைந்தால், ஆளை அன்றே திரும்பக் கூப்பிடுங்கள்.