எம்.எல்.ஏ. மேசைக்கு ஒரு பக்க மனு: மருத்துவர்களுக்கான செய்முறை

நெல் வயல் சூழ்ந்த ஒரு சிற்றூரில் கிளினிக் வைத்திருக்கிறேன். மழை தொடங்கினால் பாம்புக்கடியும் தொடங்கிவிடும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்து பாதி நாள் இருக்காது. இதைச் சரிசெய்யச் சொல்லி நான் எழுதிய முதல் மனு ஆறு பக்கம். கட்டுவிரியன் நஞ்சு நரம்பில் என்ன செய்யும் என்று படம் வேறு போட்டிருந்தேன். பதிலே இல்லை. இரண்டாவது மனு ஒரே பக்கம். மூன்றே வாரத்தில் போன் வந்தது. நடுவில் கற்றுக்கொண்டது கீழே.

படி 1: கதவைக் கண்டுபிடியுங்கள்

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சுகாதாரத் துறை நமக்குத்தான் ஒரே துறை. உள்ளே போனால் தனித்தனி வீடுகள். ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதார இயக்குநரகத்தின் கீழ் வரும். தாலுகா மருத்துவமனையும் மாவட்டத் தலைமை மருத்துவமனையும் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநரகத்தின் கீழ். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மருத்துவக் கல்வி இயக்குநரகம். மருந்து கொள்முதல் என்றால் மருத்துவப் பணிகள் கழகம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மருந்து கேட்டு நான் எழுதியதோ மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்கு. அவர் தாலுகா மருத்துவமனைக்காரர்! மனு நான்கு மாதம் ஊர் சுற்றியது. மாவட்ட சுகாதார அலுவலருக்கு எழுதி, எம்.எல்.ஏ.வுக்கும் ஆட்சியருக்கும் நகல் வைத்திருக்க வேண்டும்.

படி 2: ஒரே ஒரு கோரிக்கை

‘பாம்புக்கடி சிகிச்சையை மேம்படுத்த வேண்டும்’ என்று எழுதினால் யாராலும் அதில் கையெழுத்துப் போட முடியாது. ‘இந்த நிலையத்தில் முதல் தவணைக்கான 10 குப்பி விஷமுறிவு மருந்து எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும்’ என்றால் முடியும். முதல் பத்தியிலேயே இதை எழுதிவிடுங்கள். நோய் விளக்கமெல்லாம் இரண்டு வரி போதும்.

படி 3: அரசு சொன்னதையே திருப்பிச் சொல்லுங்கள்

அதிகாரிக்குக் கோப்பில் மேற்கோள் காட்ட ஒரு வரி வேண்டும். அதை நாமே கொடுத்துவிடலாம். 2024 மார்ச்சில் மத்திய அரசு, பாம்புக்கடி இறப்புகளை 2030க்குள் பாதியாகக் குறைக்கத் தேசியச் செயல்திட்டம் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு, 1939ஆம் ஆண்டுப் பொது சுகாதாரச் சட்டத்தின் கீழ், பாம்புக்கடியை மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியதாக அறிவித்தது. இந்த இரண்டு வரியும் என் ஆறு பக்கத்தைவிடக் கனமானவை. துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு இணையத்தில் தமிழிலேயே கிடைக்கும். தேடிப் படியுங்கள், பொன் சுரங்கம்.

படி 4: காலம் பார்த்துப் போங்கள்

நிதிநிலை அறிக்கை வந்த பிறகு சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை விவாதம், அதாவது ஒவ்வொரு துறைக்குமான நிதி பற்றிய விவாதம், நடக்கும். சுகாதாரத் துறையின் முறை வருவதற்குச் சில வாரம் முன்பே எம்.எல்.ஏ.விடம் கொடுங்கள். அவர் அவையில் கேட்கத் தோதாக ஒரு கேள்வியையும் எழுதி இணைத்துவிடுங்கள்.

படி 5: நேரில்

மூன்று நிமிடம் கிடைத்தால் அதிகம். பி.ஏ.விடம் மரியாதையாகப் பேசுங்கள், கோப்பை நகர்த்துவது அவர்தான். லேப்டாப், ஸ்லைடு எதுவும் வேண்டாம். ஏ4 தாள், பெரிய எழுத்து, அவ்வளவுதான். நோயாளி ஒருவரின் கதையைச் சொல்லலாம். ஆனால் அவர் சம்மதத்தோடு, பெயர், ஊர் இல்லாமல். வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்களை எனக்குப் புரியவே இல்லை.

சேர்க்கை: பின்னூட்டத்தில் ஓர் அரசு மருத்துவர், ‘நான் இப்படி நேரடியாகப் போகலாமா?’ என்று கேட்டார். நான் தனியார், அதனால் இது எனக்குத் தோன்றவே இல்லை. அரசுப் பணியாளருக்கு 1973ஆம் ஆண்டு நடத்தை விதிகள் உண்டு. மேலதிகாரி வழியாக எழுதுங்கள், இல்லாவிட்டால் சங்கத்தின் மூலம் கொண்டுபோங்கள்.

இன்னொரு சேர்க்கை: கிராம சுகாதார செவிலியர் ஒருவர் சொன்ன யோசனை என்னுடையதைவிட நல்லது. கிராம சபையில் தீர்மானம் போட்டு, அதன் நகலை மனுவோடு சேர்ப்பது. ஆண்டுக்கு ஆறு நாள் சபை கூடுகிறது, அடுத்தது என்றைக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். முதல் தடவை நான் வாங்கவில்லை. பிறகு போய் விசாரித்தபோது, ‘மனு எண் என்ன சார்?’ என்றார்கள்.