கோடு எகிறினால் வெடிப்பு ஆகிவிடுமா?

"சார், ஒண்ணு மாட்டிக்கிச்சு!" என்று காட்பாடி மாணவர் ஒருவர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். விண்வெளியிலிருந்து வரும் காமா கதிர்களைப் பிடிக்கும் ஃபெர்மி விண்கலத்தின் தரவை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அதை வைத்து, நேரத்துக்கு நேரம் எத்தனை கதிர்கள் வந்தன என்று அவர் போட்ட வரைபடத்தில் கோடு ஓரிடத்தில் விருட்டென்று எகிறியிருந்தது. காமா கதிர் வெடிப்புதான், அதாவது வெகு தொலைவில் எங்கோ நடந்த பெரும் வெடிப்பின் காமா கதிர் வீச்சுதான் என்று முடிவே கட்டிவிட்டார்.

"மத்த டிடெக்டர்ல பார்த்தியாப்பா?"

பார்க்கவில்லை. அதுதான் முதல் சறுக்கல். ஃபெர்மியில் வெடிப்புகளைக் கண்காணிக்கும் ஜிபிஎம் கருவியில் 12 சோடியம் அயோடைடு டிடெக்டர்கள் வெவ்வேறு திசை பார்த்து இருக்கின்றன. இரண்டிலாவது ஒரே நேரத்தில் எண்ணிக்கை கூடினால்தான் அந்தக் கருவியே அதைப் பொருட்படுத்தும். ஒன்றில் மட்டும் எகிறினால் பெரும்பாலும் ஏதோ மின்துகள் மோதிவிட்டுப் போயிருக்கும். தம்பி பிடித்ததும் அதைத்தான். இரண்டில் தெரிந்தாலும் உடனே குதிக்க வேண்டாம். சூரியன் சீறினாலும் கோடு எகிறும். சித்திரை மாதத்து சாயங்காலம் நம்மூரில் உறுமுகிறதே, அந்த மாதிரி இடிமேகங்களிலிருந்துகூட காமா கதிர் மேலே பாயும். மில்லி செகண்டில் முடிந்துவிடும்.

அடுத்தது கொஞ்சம் விவகாரமானது. பளிச்சென்ற பகுதி அடங்கியதும் தரவை வெட்டிவிடுகிறார்கள். 2013 ஏப்ரல் 27 வெடிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரவாரமெல்லாம் முதல் சில பத்து வினாடிகளில்தான். ஆனால் அதன் மிக வலுவான ஒளித்துகள், 95 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் (ஒளித்துகளின் ஆற்றலை அளக்கும் அலகு), வந்து சேர்ந்தது 244 வினாடி கழித்து! கண்ணுக்குத் தெரியும் ஒளித்துகள் ஒன்றைவிட அது ஏறத்தாழ 4,000 கோடி மடங்கு ஆற்றல். ஒன்பது மணி நேரத்துக்குப் பிறகும் 32 ஜிகா எலக்ட்ரான்வோல்ட்டில் இன்னொன்று வந்தது. பந்தி முடிந்ததென்று இலையை எடுத்தவருக்கு இவை கிடைத்திருக்காது.

அதற்காக நாள் முழுக்கத் திறந்தே வைத்தால் வேறு வம்பு. விண்கலம் சுமார் ஒன்றரை மணிக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுவதால் பூமியின் விளிம்பும் அதன் பார்வையில் வந்துபோகும். விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் காஸ்மிக் கதிர்த் துகள்கள் மோதுவதால் நம் காற்றுமண்டலத்தின் விளிம்பே காமா கதிரில் ஜொலிக்கும். விண்கலத்தின் தலைக்கு நேர் மேலான உச்சியிலிருந்து 100 டிகிரிக்கு மேல் சாய்ந்து வருவதைக் கழித்துவிடுவது வழக்கம். இதை மறந்தவர்கள் பூமியையே வெடிப்பாக எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

எண்ணிக்கையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதும் தவறு. 2022 அக்டோபர் 9 அன்று வந்த வெடிப்பின் உச்சத்தில் டிடெக்டர்கள் எண்ண முடியாமல் திணறிவிட்டன. அந்த வினாடிகளை அப்படியே கூட்டினால் கணக்கு உதைக்கும்.

"நம்ம காவலூர்ல பார்க்கலாமா சார்?" என்பது எப்போதும் வரும் கேள்வி. ஜவ்வாது மலையில் இருக்கும் வானாய்வுக்கூடத்தைச் சொல்கிறார்கள். காமா கதிரைக் காற்றுமண்டலம் தடுத்துவிடும். ஆலங்காயம் தாண்டி மலை மேல் ஏறினாலும் அதே கதைதான். வெடிப்புக்குப் பிறகு மங்கலாக மிஞ்சும் சாதாரண ஒளியை வேண்டுமானால் தேடலாம். ஆனால் ஜிபிஎம் சொல்லும் இடம் பல டிகிரி தள்ளிப்போகலாம். முழுநிலாவின் அகலமே அரை டிகிரிதான். ஸ்விஃப்ட் விண்கலத்தின் எக்ஸ்ரே தொலைநோக்கி இடத்தைக் குறுக்கிச் சொன்ன பிறகுதான் தொலைநோக்கியைத் திருப்ப வேண்டும்.