பழைய மர டிங்கிக்கு அந்தக் காலத்து ஃபிட்டிங்ஸ் தேர்ந்தெடுக்குறது எப்படி?

பழைய மர டிங்கி (சின்ன பாய்மரப் படகு) ஒண்ணு கைக்கு வந்ததும் எல்லாரும் முதல்ல செய்யுற வேலை, படகுல மாட்டியிருக்குற உலோக, மரச் சாமான், அதாவது ஃபிட்டிங்ஸ் எல்லாத்தையும் கழட்டி ஒரு டப்பாவுல போட்டுட்டு ஆன்லைன்ல பளபளன்னு பித்தளை கப்பியும் கிளீட்டும் (கயிறு கட்டுற கொக்கி) ஆர்டர் பண்றதுதான். கொஞ்சம் பொறுங்க. பித்தளையா இருந்தாலே பழசுன்னு அர்த்தம் கிடையாது, இப்படி கண்ணுல பட்டதெல்லாம் வாங்கி மாட்டித்தான் நிறைய போட் பாதி 1930, பாதி 1990ன்னு நிக்குது.

ஸ்டெப் 1: ஒரு வருஷத்தை முடிவு பண்ணுங்க

"பழைய போட்"னு பொதுவா வச்சுக்கிட்டா எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. டிங்கியில கிளாஸ்னு சொல்ற மாடல்கள் நிறைய உண்டு: ஃபயர்ஃபிளை கட்ட ஆரம்பிச்சது 1946, ஜிபி14 டிசைன் 1949, என்டர்பிரைஸ் 1956, வேஃபேரர் 1957. ஆனா அது கிளாஸ் பிறந்த வருஷம்தான், உங்க போட் அதுக்கு இருபது வருஷம் கழிச்சுகூட கட்டுனதா இருக்கலாம், அதனால பாய்ல எழுதியிருக்குற நம்பர், கட்டுனவங்க பேர் பிளேட், பழைய அளவு சர்டிபிகேட் எது கிடைச்சாலும் வச்சு வருஷத்தை பிடிங்க.

மேலோட்டமா சொன்னா, ரெண்டாம் உலகப் போருக்கு முன்னாடி கால்வனைஸ்டு இரும்பு, பித்தளை, கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்), மரக் கப்பி, பருத்திப் பாய், மணிலா கயிறு. போருக்கு அப்புறம் டஃப்னால் நிறைய பார்ப்பீங்க, துணியையும் ரெசினையும் சேர்த்து அழுத்தி செஞ்ச பழுப்பு கலர் சாமான், கிட்டத்துல பார்த்தா துணியோட நெசவு தெரியும். 1950கள்ல டெரிலீன் (பாலியெஸ்டர் துணி) பாய் வர ஆரம்பிச்சுது, 60கள்ல ஸ்டெயின்லெஸ்ஸும் நைலானும் சகஜமாயிடுச்சு. பால்பேரிங் வச்ச பிளாஸ்டிக் கப்பி 60கள் கடைசியில வந்தது, 1950 போட்டுல மாட்டுனா தனியா உறுத்தும். தண்ணியை தானா வெளியேத்துற பெய்லரும் அப்படித்தான். 1948 ஒலிம்பிக்ஸ்ல ஃபயர்ஃபிளை ஓட்டி தங்கம் ஜெயிச்ச பால் எல்வ்ஸ்ட்ரோம் பேர்ல அது பிரபலமானது அதுக்கு அப்புறம்தான்.

ஸ்டெப் 2: சாண்ட்பேப்பர் எடுக்குறதுக்கு முன்னாடி மரத்தைப் படிங்க

எனக்கு ரொம்ப பிடிச்ச வேலை இதுதான். டெக்கை சாய்வா லைட் அடிச்சு பாருங்க. கிளீட் இருந்த இடத்துல வார்னிஷ் நிறம் மாறி அதே வடிவம் தெரியும், பக்கத்துல மரக்குச்சி வச்சு அடைச்ச ஓட்டைகள் இருக்கும். ஓட்டையைச் சுத்தி பச்சையா கறை இருந்தா அங்க செம்பு கலந்த உலோகம் இருந்திருக்கு, கறுப்பா இருந்தா இரும்பு. ஓட்டைக்கு ஓட்டை தூரத்தை அளந்து, பேப்பர் வச்சு வடிவத்தை வரைஞ்சு, போட்டோவும் எடுத்து வச்சுக்குங்க. ஒரே இடத்துல ரெண்டு செட் ஓட்டை இருந்தா வழக்கமா சின்னதா, அடைச்சு வார்னிஷ் ஏறினதுதான் ஒரிஜினல். சாண்ட் பண்ணிட்டா இதெல்லாம் போச்சு.

ஸ்டெப் 3: உலோகத்தை சோதிங்க

காந்தம் பலமா ஒட்டுனா இரும்பு, மேல குரோம் பூசியிருந்தாலும் மாட்டிக்கும். ஒட்டலேன்னா பின்பக்கம் அரத்தால லேசா ஒரு கீறல் போடுங்க, மஞ்சளா வந்தா பித்தளை, செம்பழுப்பா வந்தா பெரும்பாலும் வெண்கலம். இது ஏன் முக்கியம்னா உப்புத்தண்ணிக்குள்ள பித்தளையில இருக்குற துத்தநாகம் கரைஞ்சு வெளியேறிடும், மிச்சம் ரோஸ் கலர்ல பொடிஞ்சு போற உலோகம்தான், அதனால சுக்கானை தாங்குற கீல் மாதிரி தண்ணிக்குள்ள இருக்குறதுக்கு வெண்கலம்தான் வாங்கணும், டெக் மேல பித்தளை ஓகே. ஸ்டெயின்லெஸ் போட்டா தொல்லையே இல்லேன்னு நினைக்காதீங்க, ஈர மரத்துக்குள்ள காத்து படாம இருந்தா அதுவும் அரிச்சுப் போகும். அலுமினிய பாய்மரத்துல வெண்கலத்தை நேரா மாட்டாதீங்க, நடுவுல பிளாஸ்டிக் துண்டு ஒண்ணு வைங்க.

ஸ்டெப் 4: ஸ்குரூ

ஆயிரக்கணக்குல செலவு பண்ணி கப்பி வாங்கிட்டு பிளஸ் தலை ஸ்குரூ போட்டா மொத்த வேஷமும் கலைஞ்சிடும். ஒத்தைக் கோடு போட்ட தலைதான் வேணும். பித்தளை ஸ்குரூ மெத்துனு இருக்கும், கெட்டி மரத்துல முறுக்குனா தலை தனியா வந்துடும், அதனால அதே சைஸ் இரும்பு ஸ்குரூவை முதல்ல ஏத்தி இறக்கி வழி போட்டுட்டு, பித்தளையில மெழுகு தடவி ஏத்துங்க. கடைசியில கோடெல்லாம் ஒரே திசையில நிக்குற மாதிரி திருப்பி விட்டா பார்க்கவே அழகு.

ஸ்டெப் 5: கயிறு

மணிலா நிறத்துலயே மூணு புரி பாலியெஸ்டர் கயிறு கிடைக்குது, அது போதும். மெல்லிசான நவீன கயிறு பழைய கப்பிக்கு ஆகாது, சக்கரத்துக்கும் கப்பியோட பக்கச் சுவருக்கும் நடுவுல இருக்குற சந்துல இறங்கி சிக்கிக்கும், அதுவும் காத்து பலமா அடிக்கும்போதுதான் சிக்கும்.

மிதவைப் பை, லைஃப் ஜாக்கெட்ல மட்டும் பழமை பார்க்காதீங்க, புதுசே போடுங்க.

சாமானுக்கு நல்ல வழி, சரிபண்ண முடியாத அளவுக்கு மக்கிப்போன அதே கிளாஸ் போட் ஒண்ணை முழுசா வாங்கி பிரிக்கிறது, தனித்தனியா வாங்குறதைவிட மலிவா முடியும், எல்லாம் ஒரே காலத்து சாமானாவும் இருக்கும். சீலன்ட் தடவுறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் சும்மா மாட்டி, கரையிலயே பாய் ஏத்தி கயிறு இழுத்துப் பாருங்க. கயிறு எங்கயாவது மரத்துல உரசுதுன்னா ஃபிட்டிங்கை இப்பவே நகர்த்திடலாம்.