'இஃப்' வாக்கியங்களில் சறுக்கும் இடங்கள்

ஆங்கில நிபந்தனை வாக்கியங்களைப் புதிதாகப் படிப்பவர்களின் நோட்டைத் திருத்தும்போதெல்லாம் நான் ஒரு காலத்தில் செய்த பிழைகளே வரிசைகட்டி வருகின்றன. 'இஃப்' இருக்கும் பாதியில் 'வில்' போடக்கூடாது என்பதை எல்லாப் புத்தகமும் சொல்கிறது. அதை விட்டுவிடுகிறேன்.

இறந்தகாலம் என்றால் நேற்று என்று நம்புவது

'இஃப் ஐ ஹேவ் டைம் டுமாரோ, ஐ வில் கம்.' 'இஃப் ஐ ஹேட் டைம் டுமாரோ, ஐ வுட் கம்.' இரண்டுமே நாளையைப் பற்றித்தான் பேசுகின்றன. முதலாவதைச் சொன்னவர் வந்தாலும் வரலாம். இரண்டாவதைச் சொன்னவர் வரப்போவதில்லை. நேரமில்லை என்பதை நாகரிகமாகச் சொல்லியிருக்கிறார். அந்த 'ஹேட்' காலத்தைக் காட்டவில்லை, 'இது நடக்காது' என்ற எண்ணத்தைக் காட்டுகிறது. தமிழில் 'நேரம் கிடைத்தால்' என்று சொல்லிவிட்டு மீதியைக் குரலுக்கு விட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தில் அந்த வேலையை வினைச்சொல் செய்கிறது.

என்னிடம் படித்த ஒருவரிடம், அறிக்கை வெள்ளிக்கிழமைக்குள் கிடைக்குமா என்று அவருடைய மேலாளர் கேட்டிருக்கிறார். முக்கால்வாசி வேலை முடிந்திருந்தது. 'வில்'லைவிட 'வுட்' மரியாதையானது என்று யாரோ சொன்னதை நம்பி, 'இஃப் ஐ ஃபினிஷ்டு இட் பை ஃப்ரைடே, ஐ வுட் சென்ட் இட்' என்று பதில் எழுதிவிட்டார். இவரால் ஆகாது என்று முடிவுகட்டிய மேலாளர், வேலையை வேறொருவரிடம் மாற்றிவிட்டார். அந்த வாக்கியத்தை எந்த இலக்கணத் திருத்தியில் போட்டாலும் சிவப்புக் கோடு விழாது. வடிவம் சரி, சொன்ன சேதிதான் தவறு.

எனக்கு எரிச்சல் மாணவர்கள் மேல் இல்லை. நடக்கலாம் என்பது வகை 1, வெறும் கற்பனை வகை 2, நடந்து முடிந்ததை மாற்றிக் கற்பனை செய்வது ('ஹேட்', 'வுட் ஹேவ்') வகை 3 என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்ய வைக்கும் முறைமேல்தான். தேர்வில் ஒரு பாதியைக் கொடுத்து மறுபாதியை நிரப்பச் சொல்கிறார்கள். எந்த வகையை எப்போது எடுப்பது என்று யாரும் கேட்பதில்லை, ஆகவே யாரும் யோசிப்பதுமில்லை. எழுதுமுன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது நடக்கக்கூடியதா, வெறும் கற்பனையா? நடக்கலாம் என்றால் 'இஃப்' பாதியில் நிகழ்காலம், மறுபாதியில் 'வில்'. கற்பனை என்றால் இறந்தகால வடிவம், 'வுட்'. 'இஃப் ஐ வேர் யூ' என்பதில் 'ஐ'க்குப் பின் 'வேர்' வருவதும் இதனால்தான். நான் ஒருநாளும் நீங்களாக முடியாது.

மரியாதைக் கணக்கையும் தீர்த்துவிடுவோம். ஒன்றைக் கேட்கும்போது 'வுட்' பணிவு. வாக்குக் கொடுக்கும்போது அதே 'வுட்' நழுவல்.

மூன்றாம் வகையைப் பிரிக்க அஞ்சுவது

'இஃப் ஐ ஹேட் ஸ்டடீட் மெடிசின், ஐ வுட் பி எ டாக்டர் நவ்.' காரணம் அன்று, விளைவு இன்று. முன்பாதியில் 'ஹேட்' வந்துவிட்டதே என்று பின்பாதியிலும் 'வுட் ஹேவ்' என்று இழுக்கிறார்கள். அட்டவணையில் இல்லாவிட்டாலும் இந்தக் கலப்பு முறையானதே.

'அன்லெஸ்' உடன் 'நாட்'

வேண்டாம். 'இல்லை' அதற்குள்ளேயே இருக்கிறது.

'இன் கேஸ்' என்பதும் 'இஃப்' என்பதும் ஒன்றல்ல

'இஃப் இட் ரெயின்ஸ்' குடை எடு என்றால் மழை வந்த பிறகு எடுத்தால் போதும். 'இன் கேஸ் இட் ரெயின்ஸ்' என்றால் வானம் வெளுத்திருந்தாலும் இப்போதே எடுத்துக்கொள்ள வேண்டும்.

காற்புள்ளி

'இஃப்' பாதி முன்னால் வந்தால் போடுங்கள். பின்னால் வந்தால் பெரும்பாலும் தேவையில்லை.

காதில் விழும் 'ஐட்'

'இஃப் ஐட் நோன், ஐட் ஹேவ் கம்.' முதல் 'ஐட்' என்பது 'ஐ ஹேட்', இரண்டாவது 'ஐ வுட்'. காதுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். இரண்டையும் 'வுட்' என்று எடுத்துக்கொண்டு 'இஃப் ஐ வுட் ஹேவ் நோன்' என்று எழுதுகிறார்கள். அமெரிக்கர்களின் பேச்சில் இந்த வடிவம் காதில் விழுவதுண்டு. தேர்வுத்தாளில் எழுதினால் மதிப்பெண் போகும்.