கணினி வழிக் கல்லூரிக் கணிதம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை, ஈரோடு, திருச்செங்கோடு வட்டாரக் கல்லூரிகளில் கணிதத் துறைக்கென ஒரு கணினி ஆய்வகம் இருப்பது இன்று புதுமையன்று. மென்பொருளைப் பயன்படுத்தலாமா என்ற விவாதம் ஓய்ந்துவிட்டது; பாடத்தின் எந்த இடத்தில் அதைக் கொண்டுவருவது என்பதைத்தான் நாம் இன்னும் சரியாக எண்ணிப் பார்க்கவில்லை. மாணவர் சிந்திக்க வேண்டிய கட்டத்திலேயே திரையை முந்தவிடுவதால்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன என்பது என் கருத்து.

முதல் தவறு, வரைபடத்தை எடுத்த எடுப்பிலேயே காட்டிவிடுவது. y = (x² − 4)/(x − 2) என்ற சார்பை ஜியோஜீப்ரா என்ற வரைபட மென்பொருளில் உள்ளிட்டால், y = x + 2 என்ற நேர்கோடு முழுமையாகத் தோன்றும். x = 2 என்ற இடத்தில் சார்புக்கு மதிப்பே கிடையாது; ஆனால் விடுபட்ட அந்த ஒற்றைப் புள்ளிக்கு அகலம் இல்லாததால், கோட்டில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. எல்லை (limit) என்ற கருத்தின் உயிர்நாடியே அந்தப் புள்ளியில்தான் இருக்கிறது. மாணவர்கள் முதலில் நோட்டில் கையால் வரைந்து, 2-இல் என்ன நடக்கும் என்று ஒரு வரி எழுதிய பிறகு புரொஜெக்டரைப் போட்டால், "திரை ஏன் இதைக் காட்டவில்லை?" என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வரும். sin(1/x) இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. சுழிக்கு அருகே உருப்பெருக்கும்போதெல்லாம் படம் மாறிக்கொண்டே இருப்பதைக் காணும் மாணவர், மென்பொருள் சில புள்ளிகளில் மட்டும் மதிப்பைக் கணக்கிட்டு அவற்றை இணைக்கிறது என்பதைத் தாமே உணர்ந்துகொள்வார்.

இதைவிடப் பெரிய தவறு, கணக்கிட்டுக் கிடைத்த எண்ணை நிரூபணமாக ஏற்பது. 1 + 1/2 + 1/3 + … என்ற தொடரின் முதல் 10 லட்சம் உறுப்புகளைச் சைலாப் என்ற கணிப்பு மென்பொருளில் கூட்டினால் ஏறத்தாழ 14.39 வரும். அந்த நிலையில் அடுத்த உறுப்பு ஆறாம் தசம இடத்தைத்தான் அசைக்கும். ஆகவே கூடுதல் நின்றுவிட்டது போலத் தோன்றி, மாணவர் 'தொடர் ஒருங்குகிறது', அதாவது ஒரு குறிப்பிட்ட எண்ணை நெருங்குகிறது, என்று எழுதிவிடுகிறார். 1 கோடி உறுப்புகள் வரை போனால் கூடுதல் சுமார் 16.70 ஆகிறது. உறுப்புகளின் எண்ணிக்கை பத்து மடங்காகும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 2.3 கூடிக்கொண்டே போகும், அதற்கு முடிவில்லை. 1/3 + 1/4 என்பது 1/2-ஐவிடப் பெரிது. 1/5 முதல் 1/8 வரையிலான நான்கின் கூடுதலும் அப்படியே. இவ்வாறு குழு குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் 1/2-ஐவிடப் பெரிதாதலால் கூடுதலுக்கு வரம்பில்லை என்று 14ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் நிக்கோல் ஓரெம் தந்த நிரூபணம் கரும்பலகையில் நான்கு வரிக்குள் அடங்கிவிடும். கணினிக் கூட்டலையும் இந்த நிரூபணத்தையும் ஒரே வகுப்பில் அடுத்தடுத்து வைத்தால், நிரூபணம் எதற்கு என்று தனியாக விளக்க வேண்டியிராது. அதே ஆய்வகத்தில் 0.1 + 0.2 == 0.3 என்று தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். 'பொய்' என்பதைக் குறிக்கும் விடை வரும்; கணினி எண்களை இரும முறையில் வரம்புக்குட்பட்டே சேமிக்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பாடம் இல்லை.

இணையவழித் தேர்வுகளில், திருத்துவது எளிது என்பதற்காகவே நான்கு விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களோடு நின்றுவிடுகிறோம். மூடுல் என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் சேர்த்துக்கொள்ளக்கூடிய ஸ்டாக் என்ற வினா வகை, மாணவர் தட்டச்சு செய்யும் கோவையையே இயற்கணித முறையில் சரிபார்க்கும். ஒவ்வொருவருக்கும் வேறு வேறு எண்களையும் தரும். ஆனால் அங்கும் கவனம் தேவை. காரணிப்படுத்தச் சொன்ன வினாவுக்குச் சமமதிப்பை மட்டும் சோதித்தால், கொடுத்த கோவையையே திரும்ப எழுதியவருக்கும் முழு மதிப்பெண் கிடைத்துவிடும். விடையின் வடிவத்தையும் சோதிக்குமாறு வினாவை அமைப்பது ஆசிரியரின் பொறுப்பு.

மாணவரின் சூழலை மறப்பது, பேசப்படாத தவறு. திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிப்ட் முடித்துவிட்டோ, சோமனூர்ப் பக்கம் வீட்டுத் தறிக்குத் துணைநின்றுவிட்டோ பாடத்தைத் திறக்கும் மாணவருக்கு ஒரு மணி நேரக் காணொளி சுமையே. பத்து நிமிடத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கக் குறிப்பை இணைத்தால் பேருந்திலும் படிக்கலாம். மடிக்கணினி இல்லாதவரைக் கைப்பேசியில் நிரல் எழுதச் சொல்வதும் முறையன்று. அந்தப் பகுதியை ஆய்வக நேரத்திலேயே முடித்துவிட வேண்டும்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு இன்னொரு தடை உண்டு: மென்பொருளின் எழுத்துமுறை. சைலாபில் ஒரே அளவுள்ள இரு சதுர அணிகளைப் பெருக்க A*B என்பதற்குப் பதிலாக A.*B என்று எழுதினால், ஒத்த இடங்களில் உள்ள உறுப்புகளே பெருக்கப்படும். பிழைச் செய்தி எதுவும் வராது, விடை மட்டும் தவறாக இருக்கும். இது கணிதத்தில் நேர்ந்த பிழையா, எழுத்துமுறையில் நேர்ந்த பிழையா என்று பிரித்துச் சொல்லாமல் மதிப்பெண்ணைக் குறைத்தால், கணிதம் தெரிந்த மாணவரும் தமக்குக் கணிதம் வராது என்று நம்பத் தொடங்கிவிடுவார். மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் சைலாப் பாடங்கள் தமிழ்க் குரலில் கிடைக்கின்றன. முதல் வாரத்திலேயே அவற்றைக் கேட்க வைக்கலாம்.

ஆய்வக ரெக்கார்டு நோட்டில் நிரலையும் வெளியீட்டையும் மட்டும் ஒட்டச் சொல்வது, பார்த்து எழுதுவதற்கே வழிவகுக்கும். ஒவ்வொரு வெளியீட்டின் கீழும் 'இந்த விடை சரி என்று எப்படித் தெரியும்?' என்ற வினாவுக்கு மூன்று வரி கையால் எழுத வேண்டும் என்று விதித்து, இன்டர்னல் மதிப்பெண்ணில் ஒரு பகுதியை அதற்கே ஒதுக்கலாம். வைவாவிலும் அந்த மூன்று வரிகளிலிருந்தே கேள்வி கேட்கலாம்.